அருகம்புல்லுக்கு மார்க் போடுகிற வேலை

இன்று காலை ஆறே முக்காலுக்கெல்லாம் வயலில் நின்றேன். 216 பாத்திகள். ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு ஐந்தடி. 72 வகைப் புல், ஒவ்வொன்றும் மூன்று இடங்களில், குலுக்கிப் போட்ட வரிசையில் நட்டது. ஏப்ரல் கடைசி வாரம். குளிர்காலம் முழுக்க வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்த புல்லில் எது எழுந்துவிட்டது, எது இன்னும் எழவில்லை, எது இனிமேல் எழவே எழாது என்று பார்த்து எழுதும் வாரம். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாரம் இதுதான். வயிற்றைக் கலக்கும் வாரமும் இதுதான்.

அமெரிக்காவில் வட கரோலினாவில் புல் ஆராய்ச்சி வயல் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீட்டு முன்னால் லான் போடும் புல்லில் புது ரகம் கொண்டுவருவது எங்கள் குழுவின் வேலை. அந்தப் புல்லை இங்கே பெர்முடா என்கிறார்கள். எங்கள் ஊரில் அருகு.

சொந்த ஊர் கோபி பக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். அப்பா வாழையும் மஞ்சளும் போடுவார். நான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிர் இனப்பெருக்கம் படித்தேன்; நெல்லிலோ சோளத்திலோ வேலை பார்ப்பேன் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். இந்த வேலை கிடைத்ததும் அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"ஏங்கண்ணு, அருகையா அங்க வளத்தறாங்க?"

"ஆமாங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அது தானா வளருமே சாமி" என்றார்.

அப்பாவின் கைகளைத் தெரிந்தவர்களுக்கு அந்த மௌனம் புரியும். மஞ்சள் காட்டில் அருகு புகுந்துவிட்டால் களைக்கொத்தோடு குத்த வைத்து உட்கார்ந்து, மண்ணுக்கடியில் வெள்ளையாக ஓடும் மட்டத்தண்டை ஒரு சாண் கூட அறுபடாமல் உருவ வேண்டும். அறுந்தால் போச்சு. ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளை இருக்கிறது. ரொட்டவேட்டர் வந்த புதிதில் எங்கள் காட்டில் ஒருமுறை விட்டோம். ஒரு அருகுக் கொடியை நூறு துண்டாக்கி வயல் முழுக்க நட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அப்பா சித்திரையில் ஆழமாகக் கோடை உழவு ஓட்டி, வேர்களை மேலே இழுத்துப் போட்டு வெயிலில் காய வைப்பார். அந்த வெயிலிலும் பாதி பிழைக்கும்.

அதே புல்லைத்தான் மஞ்சள் பிள்ளையார் தலையில் செருகுகிறோம். கல்யாணத்தில் அருகெடுத்து, ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று வாழ்த்துகிறோம். சாகாத குணத்துக்காக ஒரு பக்கம் திட்டு, ஒரு பக்கம் வாழ்த்து. என் வேலை அந்தக் குணத்துக்கு மார்க் போடுவது.

மார்க் 1 முதல் 9 வரை. 1 என்றால் செத்தது. 9 என்றால் கண்ணில் படும் குறை ஒன்றும் இல்லை. 6 வாங்கினால் தேறியது. அமெரிக்கா முழுக்க இதே அளவுகோல்தான். மேரிலாந்தில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரிலிருந்து நடத்தும் தேசியப் புல்தரை மதிப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. என்டெப் என்று சொல்வோம். அவர்கள் பல மாநிலங்களுக்கும் ஒரே ரகங்களை அனுப்பி, பல வருடங்கள் இந்த 1–9 கணக்கில் மார்க் வாங்குகிறார்கள். மொத்தத் தரத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, அடர்த்திக்கு ஒன்று, இலையின் மென்மைக்கு ஒன்று, வசந்தத்தில் பச்சை திரும்பும் வேகத்துக்கு ஒன்று, நோய்க்கு, வறட்சிக்கு என்று தனித்தனியாக.

கண்ணால் மார்க் போடுவது விஞ்ஞானமா என்று நானும் முதலில் யோசித்தேன். பச்சை எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல எங்களிடமும் கருவி இருக்கிறது. அடிப்பக்கம் திறந்த ஒரு பெட்டி; உள்ளே விளக்கு, மேலே கேமரா. பாத்தியின் மேல் கவிழ்த்துப் படம் எடுத்தால், படத்தில் எத்தனை புள்ளி பச்சை என்று கணினி எண்ணிவிடும். பச்சையின் அளவுக்கு அதை நம்புவேன். ஆனால் அந்தப் பச்சையில் கால் பங்கு களையா, ஓரத்தில் பக்கத்துப் பாத்திப் புல் ஏறியிருக்கிறதா, மேலே பசுமையாகத் தெரிந்தாலும் அடியில் வெறும் குச்சியாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. குனிந்து, புல்லை விரலால் பிளந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளைப் பழக்க இரண்டு வருடம் ஆனது. எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்ற வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. முந்தின நாளே எல்லாப் பாத்தியையும் ஒரே திசையில் வெட்டியிருக்க வேண்டும். இலை நம் பக்கம் சாய்ந்திருந்தால் கரும்பச்சையாகவும், எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் வெளிறியும் தெரியும். கறுப்புக் கண்ணாடி கூடாது. களைத்துப் போனால் ஒரு பிளாக்கை, அதாவது எல்லா ரகமும் ஒருமுறை வரும் பகுதியை, முடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. காலைக் கண்ணுக்கும் மதியக் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அந்த பிளாக்கோடு சேர்ந்து கழிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. இவற்றையெல்லாம் எங்கள் பேராசிரியர் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முதல் வருடம் நான் போட்ட மார்க்கையும் அவர் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கரும்பச்சை எங்கே கண்டாலும் நான் 8 போட்டிருந்தேன். அவர் 5 போட்டிருந்தார்.

இந்தப் புல் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

நம் அருகில் பெரும்பாலும் 36 குரோமோசோம். தென்னாப்பிரிக்காவில் அதன் சிற்றன்னை மகள் போல ஒரு புல் இருக்கிறது, அதற்கு 18. இலை நூல் மாதிரி மெல்லியது, நெருக்கமாக வளரும், நிறம் மட்டும் கொஞ்சம் மஞ்சள் பாய்ந்தது. இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு இந்தப் பக்கத்திலிருந்து 18, அந்தப் பக்கத்திலிருந்து 9, ஆக 27. மூன்று மூன்றாக நிற்கும் குரோமோசோம் இரண்டிரண்டாகச் சேர முடியாததால் விதை பிடிக்காது. அப்பாவுக்கு இதை விளக்கச் சிரமப்படவே இல்லை. "நம்ம வாழை மாதிரிதாங்கப்பா" என்றேன். பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாமே இப்படி மூன்று தொகுதி கொண்டவைதான். அதனால்தான் பழத்தில் விதை இல்லை, அதனால்தான் பக்கக் கன்று பிரித்து நடுகிறோம். இந்தப் புல்லையும் கணுத் துண்டாகவோ, பாய் மாதிரி சுருட்டியோதான் நட முடியும். வீட்டு லானுக்கு இது நல்லது. அருகின் மகரந்தம் பலருக்கு மூக்கையும் கண்ணையும் படுத்தும். 27 குரோமோசோம் புல்லில் அந்தத் தொல்லை இல்லை. விதை உதிர்ந்து பூச்செடிப் பாத்தியில் முளைக்கும் என்ற கவலையும் இல்லை.

அப்படியானால் ஒரு ரகம் என்பது ஒரே ஒரு செடி. இது உள்ளே இறங்க எனக்கு நாளானது. அமெரிக்காவின் தெற்குப் பகுதி முழுக்க விளையாட்டு மைதானங்களிலும் வீடுகளிலும் இருக்கும் டிஃப்வே என்ற புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ஆப்பிரிக்கப் புல் விதைகளுக்கு நடுவே, 1954-ல் ஜார்ஜியாவின் டிஃப்டன் என்ற சிற்றூரில் தற்செயலாக முளைத்த ஒரு கலப்புச் செடி அது. அதைக் கண்ணில் பிடித்து, எடுத்து வைத்து, 1960-ல் வெளியிட்டவர் கிளென் பர்ட்டன். இன்று மிதிபடும் டிஃப்வே அத்தனையும் அந்த ஒரு நாற்றின் துண்டுதான். யாராவது அன்றைக்கு அதைக் களை என்று பிடுங்கிப் போட்டிருந்தால்?

பர்ட்டன் பெயரை நான் இங்கே வந்து கேள்விப்படவில்லை. கோவையில் கம்புப் பாடத்திலேயே வந்தார். டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு (தன் மகரந்தம் வேலை செய்யாத) கம்பு வரிசையை உருவாக்கியவர் அவர்தான்; அதைத் தாயாக வைத்துத்தான் பஞ்சாபில் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்பி-1 உருவாகி 1965-ல் வந்தது. விளைச்சல் துள்ளி ஏறியது. பிறகு 1970-களில் அடிச்சாம்பல் நோய் வந்து அந்தக் கம்புகளைப் பெரிய அளவில் வாரிக்கொண்டு போனது. அந்தத் தாய்க்கு நோயைத் தாங்கும் சக்தி இல்லை. அதன் பிள்ளைகள் எங்கெல்லாம் நின்றனவோ அங்கெல்லாம் நோய்க்கு வழி திறந்துவிட்டது. பரீட்சைக்காகப் படித்த அந்தப் பாடம், ஒரே செடியை லட்சம் வீட்டுக்கு அனுப்பப்போகும் வேலையில் உட்கார்ந்த பிறகு வேறு மாதிரி கேட்கிறது. எங்கள் ரஸ்தாளித் தோட்டம் வாடல் நோயில் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கன்று எல்லாம் ஒரே இடத்தில் வாங்கியது என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தியா வந்த கம்புக்கும் கரோலினாவில் நான் குனிந்து பார்க்கும் புல்லுக்கும் ஒரே ஆளின் கை பட்டிருக்கிறது என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய விஷயம். சம்பந்தமே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டோமோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

கலப்புச் செய்யும் முறை எளிது. அருகு தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காது. நெல்லில் செய்வது போலக் குறடு பிடித்து மகரந்தப்பையை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் வேலை இல்லை. இரண்டு தொட்டிகளையும் பசுமைக்குடிலில் தனியாகச் சேர்த்து வைத்து, பூக்கும் நேரத்தை ஒத்துவரச் செய்தால் போதும். கஷ்டம் அதற்குப் பிறகு. கதிர் பழுக்க மூன்று நான்கு வாரம். விதை தூசி மாதிரி; ஒரு கிலோவுக்குச் சுமார் 40 லட்சம் விதை நிற்கும். கலப்பில் பிடிப்பதோ மிகக் கொஞ்சம். ஒரு தொட்டியின் கதிர் அத்தனையையும் வெள்ளைத் தாளில் கசக்கி, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து பொறுக்கினால் சில நேரம் உள்ளங்கைக் குழியைக்கூட நிரப்பாது. முளைத்த நாற்றில் ஒரு இலைத் துண்டை பிளேடால் பொடியாக நறுக்கிச் சாயம் ஏற்றி மெஷினில் ஓட விட்டால் அதன் டிஎன்ஏ அளவு தெரியும். 27 உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதைப் பிரித்துவிடுவோம்.

பிறகு வயலில் ஆறடிக்கு ஒன்றாகத் தனித்தனியே நடுவோம். அங்கே ஒரு கோடை. சில நாற்று ஆடி மாதத்துக்குள் நாலாபக்கமும் கை நீட்டி வட்டம் போட்டுவிடும். சில, முளைத்த இடத்திலேயே குந்தியிருக்கும். இங்கேதான் முக்கால்வாசிக்கு மேல் கழிகிறது, பெரிய யோசனை எதுவும் இல்லாமல். கதிர் அதிகம் விடுவது, நடு வெளிறுவது, கொடி மட்டும் ஓடிக் கணுவில் வேர் பிடிக்காதது எல்லாம் போய்விடும். மிஞ்சியதுதான் பாத்திக்கு வருகிறது.

427-ஐ நான் அந்த நிலையிலேயே பார்த்துவிட்டேன். 2018-ல் விதைத்த கூட்டத்தில் 427-ஆவது நாற்று. நீலம் கலந்த கரும்பச்சை, வெல்வெட் மாதிரி இலை. வட்டம் வரைந்ததுபோல ஓரம். வரைபடம் பார்க்கக் கூடாது என்ற விதியெல்லாம் அதனிடம் பலிக்கவில்லை. 2021-ல் பாத்திக்கு வந்த பிறகு மூன்று பாத்தியையும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டேன். 8, 8, 9 என்று போட்டேன். அந்தக் கோடையில் பேராசிரியரே 8 போட்டார். அந்தப் புல் வெளிவரும் என்றே முடிவு கட்டி, பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

610 அதே கூட்டம்தான். நிறம் சாதாரணப் பச்சை. இலை கொஞ்சம் அகலம். 6. அடுத்த மாதம் 6. அதற்கடுத்த மாதம் 7. வருடக் கடைசியில் திரும்பிப் பார்த்தால் அதைப் பற்றி ஒரு குறிப்புக்கூட எழுதியிருக்கவில்லை.

2022 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் இந்த நாட்டின் கிழக்குப் பாதியை ஒரு குளிர் அடித்தது. அதுவரை இதமாக இருந்த வானிலை ஒரே இரவில் உறைநிலைக்கு வெகு கீழே போனது. மெல்ல மெல்லக் குளிர் ஏறினால் புல் தன்னைத் தயார் செய்துகொள்ளும். திடீரென்று விழும் குளிர் அப்படி விடாது. நான் அன்றைக்கு வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வயலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஏப்ரலில் 427 எழவில்லை. இந்தப் புல் குளிரில் பழுப்பாவது இயல்பு. பழுப்பு என்பதால் செத்ததாகிவிடாது, உறங்குகிறது அவ்வளவுதான். அதனால் இரண்டு வாரம் பொறுத்தேன். சுற்றிலும் மற்ற பாத்திகள் பச்சை ஏறிவிட்டன. கத்தியால் ஒரு துண்டு அறுத்து எடுத்து, தண்டை நகத்தால் கீறினேன். உயிருள்ள தண்டு உள்ளே வெள்ளையாக, தேங்காய்த் துருவல் மாதிரி ஈரமாக இருக்கும். இது காபித்தூள் நிறத்தில் இருந்தது. மூன்று பாத்தியிலும் துண்டு எடுத்து, பசுமைக்குடிலின் வெதுவெதுப்பில் வைத்துத் தண்ணீர் விட்டு இன்னும் இரண்டு வாரம் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஒரு ஓரத்தில் இரண்டு முளை வந்தது.

மூன்று பாத்திக்கும் 2 போட்டேன். கையெழுத்து நடுங்கியது என்று சொன்னால் மிகையாக இருக்கும், டேப்லெட்டில் அழுத்துவதுதானே. ஆனால் அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. ஐந்து வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் அந்தப் பாத்தியருகே வந்து நின்று, ஷூ முனையால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்போதே தெரிந்தது நல்லது" என்று மட்டும் சொன்னார். அப்போது அந்த வார்த்தை எனக்குக் கசந்தது. ஒரு குடும்பம் கடன் வாங்கி வீடு கட்டி, வாசலில் 427-ஐப் பாய் பாயாக விரித்து, முதல் குளிரில் அது மண்ணோடு போயிருந்தால் என்று யோசித்துப் பார்த்தபோதுதான் அடங்கினேன்.

அதே வாரம் 610-க்கு 7 போட்டேன். பச்சை திரும்பிய முதல் பத்தில் அது இருந்தது.

அந்த வருடத்திலிருந்து என் மார்க் போடும் விதமே மாறிவிட்டது. புல் அழகாக இருக்கும் ஜூன் மாதத்தை நான் இப்போது அவ்வளவு மதிப்பதில்லை. ஜூனில் எல்லாமே அழகு. நான் காத்திருப்பது மற்ற நாட்களுக்கு. எங்களிடம் தண்டவாளத்தில் ஓடும் கூரை ஒன்று இருக்கிறது. மழைத்துளி பட்டதும் தானாக நகர்ந்து வந்து பாத்திகளை மூடிக்கொள்ளும், மழை நின்றதும் விலகிவிடும். அதன் கீழே வாரக்கணக்கில் ஒரு சொட்டு இல்லாமல் வைத்து, இலை சுருள்வது எந்த நாள், கருகுவது எந்த நாள், தண்ணீர் விட்டதும் திரும்புவது எத்தனை நாளில் என்று பார்ப்போம். அங்கே 610 கடைசிவரை நின்ற கூட்டத்தில் ஒன்று. தோண்டிப் பார்த்தால் கீழே மட்டத்தண்டு நல்ல கனத்தில். எங்கள் மஞ்சள் காட்டில் அப்பா உருவிப் போடும் அதே வெள்ளைத் தண்டு!

இன்னொரு சோதனையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். கால்ப் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுப் புல்லை யார் பார்க்கிறார்கள்? ஜூலையில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து, கணுக்கால் உயரம் வளர்ந்ததை ஒரே வெட்டில் ஓர் அங்குலத்துக்கு இறக்குவார்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கக் கூடாது என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, யார் படிக்கிறார்கள். அதனால் சில பாத்திகளை வேண்டுமென்றே இரண்டு வாரம் விட்டுவிட்டு, பிறகு ஒரே அடியில் வெட்டுகிறோம். பாதி ரகங்கள் வெறும் குச்சியாக, மொட்டையடித்தது போல நிற்கும். எத்தனை நாளில் மறுபடி மூடுகிறது என்று எண்ணுகிறேன். உரமும் அரை அளவுதான். என் கணக்கில் வீட்டு லானுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இல்லை.

610-க்கு ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நிழல் ஆகாது. கறுப்பு வலைக்குக் கீழே வைத்த பாத்தியில் இரண்டாவது கோடையிலேயே சல்லடையாகிவிட்டது. அருகு வெயிலில் பிறந்த சாதி. நிழல் தாங்குவதில் கொஞ்சம் தேறிய ரகங்கள் வெளியில் வந்திருக்கின்றன, 610 அந்த வரிசையில் சேராது. எங்கள் தெருவில் ஒரு தமிழ் அக்கா, ஐடி வேலை, வீட்டு முன்னால் மூன்று பெரிய ஓக் மரம். "நீ செய்யற புல்லையே எனக்குக் கொடேன்" என்று ஆசையாகக் கேட்டார். "உங்க வாசலுக்கு இது வேண்டாம்க்கா, நிழல் தாங்குற ஃபெஸ்க்யூ புல் போடுங்க, இல்லன்னா மர நிழல்ல புல்லே வேண்டாம், சருகை விட்டுடுங்க" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். குடியிருப்போர் சங்கத்திலிருந்து வாசல் பச்சையாக இல்லை என்று கடிதம் வந்திருந்ததாம்.

இந்த இடத்தில் சிலர் என்னிடம் கேட்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் அடி போட்டும் போர்வெல்லில் காற்று வரும் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவள், சாப்பிட முடியாத புல்லுக்கு ஏன் உழைக்கிறாய் என்று. என் வாத்தியார் ஒருவரே கேட்டார். நான் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு லான் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் எங்கள் வாசலில் சாணி தெளித்த மண்தான், அதுவே அழகு. ஆனால் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் லான் இருக்கிறது, நாளைக்கு மறையப்போவதில்லை. மண் அரிக்காமல் பிடித்துக்கொள்வதும் குழந்தைகள் விழுந்து புரள்வதும் அதில்தான். அதற்கு விடும் தண்ணீரில் கால் பங்கு குறைந்தாலே எவ்வளவு என்று யோசிக்கிறேன். என் முன்னோடிகள் கரும்பச்சைக்காகவும் மென்மைக்காகவும் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது பல இடங்களிலும் வறட்சிதான் முதல் கேள்வி. டிஃப்டனிலிருந்தே வந்த டிஃப்டஃப் என்ற ரகம் அப்படித்தான் வறட்சிப் பாத்தியில் கண்டெடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் செய்த கலப்பு, கடைக்கு வந்தது 2010-களின் நடுவில். இருபது வருடத்துக்கு மேல். ஒரு பிள்ளை பிறந்து காலேஜ் முடிக்கும் காலம்.

ஏன் அவ்வளவு என்று கேட்கலாம். எனக்குக் கிடைத்த பதில் இந்த வருடம் மண்ணிலேயே இருக்கிறது. ஸ்பிரிங் டெட் ஸ்பாட் என்று ஒரு பூஞ்சை. வேரை இலையுதிர் காலத்தில் தின்றுவிடும். மேலே எதுவும் தெரியாது. வசந்தத்தில் எல்லாம் பச்சையாகும்போது தட்டு அளவுக்கு வட்டவட்டமாகச் செத்த திட்டுகள் மட்டும் வெளுத்துத் தெரியும். புல் நட்டு மூன்று நான்கு வருடம் முதிர்ந்த பிறகுதான் பெரும்பாலும் தலைகாட்டும். இரண்டு வருடத்தில் சோதனையை முடித்து ரகத்தை வெளியிடுகிறவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள். வாங்கி நட்டவர்தான் பார்ப்பார்.

இன்று காலை இரண்டாவது பிளாக்கில் 610-ன் பாத்தியில் ஒரு வட்டம் பார்த்தேன்.

முதலில் நாய் மூத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஓரத்துத் தண்டுகளை உருவினால் வேர் கறுத்து, நூல் மாதிரி இற்றுப்போய் வந்தது. துண்டு அறுத்துப் பையில் போட்டு, பாத்தி எண் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மற்ற இரண்டு பாத்தியிலும் மண்டியிட்டுத் தவழ்ந்து தேடினேன். ஒன்றில் சுத்தம். இன்னொன்றில் ஓரத்தில் சந்தேகமாக ஒரு வெளுப்பு. பக்கத்துப் பாத்தியில், அதே மண்ணில், டிஃப்வேயில் ஐந்து வட்டம் எண்ணினேன். ஒப்பிட அதை எல்லாச் சோதனையிலும் போடுவோம். அப்படிப் பார்த்தால் 610 மோசமில்லை. ஆனால் எனக்கு அந்த ஒரு வட்டம்தான் கண்ணில் நிற்கிறது. 6 போட்டேன். 7 போட விரல் போனது, 427 ஞாபகம் வந்தது.

அந்தத் தேடலில் இன்னொன்றும் கிடைத்தது. பாத்திகளுக்கு நடுவே உள்ள நடைபாதையிலிருந்து வேறொரு புல் 610-க்குள் ஒரு கை நீளம் நுழைந்திருந்தது. அகலமான இலை, நீண்ட கணு, தலையில் நாலைந்து விரலாக விரிந்த கதிர். விதையில் முளைத்த காட்டு அருகு, 36 குரோமோசோம், யாரும் உருவாக்காதது. விட்டால் ஒரு கோடையில் பாத்தியைக் கலப்படம் ஆக்கிவிடும். மருந்து தெளித்தால் ஓரத்தில் 610-ம் கருகும். கத்தியை மண்ணுக்குள் சாய்வாக இறக்கி, தண்டைத் தளர்த்தி, அறுபடாமல் மெல்ல உருவினேன். ஒரு முழத்துக்கு மேல் வெள்ளையாக வந்தது. கடைசி இரண்டு விரற்கடையில் அறுந்துவிட்டது.

சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொன்னேன். "அறுந்துச்சுன்னா அந்த எடத்துல ஒரு குச்சிய நட்டு வெய்யி கண்ணு, பதனஞ்சு நாள்ல மறுக்கா வரும், அப்பப் புடுச்சுக்கலாம்" என்றார். மாதிரி எடுத்த இடத்தில் அடையாளத்துக்கு நடும் ஆரஞ்சு நிறக் குச்சி ஒன்றை அங்கே செருகிவிட்டு வந்திருக்கிறேன். மூன்றாவது பிளாக் நாளைக்கு. மழை வரும் என்கிறார்கள், அதற்குள் முடிக்க வேண்டும்.